ரகசியச் சான்று வழக்கு: ஸ்ட்ராஸ்பர்க் போகுமுன் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் தேசப் பாதுகாப்பு வழக்குகளுக்குப் புதிதாக வரும் இளம் வழக்கறிஞர்கள், நான் அன்று செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். பக்க எண் மாறுவது, எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

"மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்"

இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 1996-இல் சஹல் என்பவரின் நாடுகடத்தல் வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கண்டித்த பிறகுதான் பிரிட்டனில் சிறப்பு வழக்கறிஞர் முறை வந்தது. அவர், நமக்கும் கட்சிக்காரருக்கும் காட்டாத ரகசியக் கோப்பைப் பார்த்து நம் கட்சிக்காரருக்காக வாதாடுவார். ஆனால் பார்த்த பிறகு, அனுமதியில்லாமல் நம்மிடம் வழக்கைப் பற்றிப் பேசமாட்டார். சொல்லவேண்டியதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லவில்லை. கட்சிக்காரர் இரவு வேலை பார்த்த கடையின் ஷிஃப்ட் நோட்டு, டீக்கறையோடு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. எந்த நாள், எந்த ஊர் என்றே தெரியாத குற்றச்சாட்டுக்கு இது எதற்கு என்று நினைத்துவிட்டேன். அதைவிட மோசம், குற்றச்சாட்டின் சாராம்சத்தையாவது கொடுங்கள் என்று இங்கே எழுத்தில் கேட்கவே இல்லை. உள்நாட்டில் எழுப்பாத குறையை ஸ்ட்ராஸ்பர்க் ஏற்காது. ஒரே கடிதத்தில் மனு தள்ளுபடியானது. அவர் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

2009 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம், தடுப்புக்காவலில் இருந்த 11 பேரின் வழக்கில், நால்வருக்குத் தங்கள் தரப்பைச் சொல்லப் போதிய விவரம் தரப்படவில்லை என்றது. இந்தத் தேதிகளில் இந்தப் பயிற்சி முகாமில் இருந்தார் என்று சொன்னால், அப்போது வேறெங்கோ இருந்ததை அவர் காட்டலாமே என்று தீர்ப்பே உதாரணம் தருகிறது. அந்த ஷிஃப்ட் நோட்டு அதற்குத்தான்.

நாடுகடத்தல் வழக்கில் சாராம்சம் மறுக்கப்படலாம். மறுக்கட்டும். எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீட்டிலும் அதையே எழுப்புங்கள்.

நாள் கணக்கு

2022 பிப்ரவரி 1 முதல், ஸ்ட்ராஸ்பர்க்கில் மனு போடும் கெடு 6 மாதமல்ல, 4 மாதம். கடைசி நாள் ஞாயிறானாலும் நீளாது.

பாதி நிரப்பிய படிவம்

கெடுவை நிறுத்தாது.

சிறப்பு வழக்கறிஞரிடம் பேச மறுப்பது

அரசுத் தரப்பு நியமித்தவர் என்று கட்சிக்காரர் பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானதே. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம் காலண்டரை விரித்து, எந்த மாதம் எங்கே குடியிருந்தார், எங்கே வேலை பார்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதையும் ஒதுக்காதீர்கள்.