"ஓம் சேர்" என்ற பதிலை நம்பாதீர்கள்

இலங்கையின் திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியின் வரவேற்புப் பகுதியில் நான்கு வருடம் வேலை செய்தேன். பிறகு என்னையே மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். வேலையில் கெட்டிக்காரன் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. முதல் தவறும் அங்கேயே தொடங்கியது: பதவி வந்த பிறகும் பழைய வேலையையே விடாமல் செய்தேன். புக்கிங் பார்ப்பதும் நான், விருந்தினரோடு கதைப்பதும் நான். பொடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சீசன் முடிந்தபோது அவர்கள் ஒன்றும் பழகியிருக்கவில்லை, எனக்கு முதுகுவலிதான் மிச்சம்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விடுதித் தொழிலில் பழகிய பலர் மாலைதீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். இருப்பவர்களில் பலர் புதியவர்கள். அவர்களைப் பழக்காமல் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போடுகிற மேற்பார்வையாளர், தான் லீவு போடும் நாளில் மாட்டிக்கொள்வார்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். ஓர் ஓகஸ்ட் சனிக்கிழமை, ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டிகளோடு வந்து நின்றன. இணையத்தில் ஒரு புக்கிங், கொப்பியில் ஒன்று. புதுப் பொடியன் ஒருவன் அதை மூன்று நாளைக்கு முன்பே கண்டிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏசுவீங்கள் எண்டு நினைச்சன் சேர்." அதற்கு முந்தின கிழமைதான் வேறொருவனை வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க ஏசியிருந்தேன். ஏச்சு ஒருவனுக்கு, பயம் எல்லோருக்கும்.

1990களில் ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் ஆஸ்பத்திரித் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்கள் தவறுகளை ஒளிக்காமல் சொல்லியிருக்கின்றன, அதனால்தான் எண்ணிக்கை கூடித் தெரிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம். என் பகுதியில் முறைப்பாடே இல்லை என்று நான் பெருமைப்பட்ட மாதங்களை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"பிரச்சினை ஏதும் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை சேர்" என்றுதான் வரும். "இன்றைக்கு எந்த அறையில் சிக்கல் வரலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும். கெட்ட செய்தி கொண்டுவருபவனிடம் முதலில் "நல்லது, சொன்னாய்" என்று சொல்லுங்கள். கண்டிக்க இருந்தால் அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

திருகோணமலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே விடுதியில் தமிழும் சிங்களமும் பேசுபவர்கள் வேலை செய்வார்கள். கூட்டத்தை ஒரு மொழியில் மட்டும் நடத்தினால், விளங்காதவரும் தலையாட்டிவிட்டுத்தான் போவார். ஒருநாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால் இதெல்லாம் சரியாகாது.

வயது மூத்தவர்களிடம் கேட்கத் தயங்குவதும் தவறுதான். புறாத்தீவுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் படகுக்கார அண்ணையிடம் முன்பெல்லாம் நேரத்தை மட்டும் சொல்லிவிடுவேன். இப்போது கடல் எப்படி என்று முதலில் கேட்கிறேன். போன சீசன் முடியும் நேரத்தில் ஒருநாள், "இண்டைக்கு வேண்டாம் தம்பி" என்றார். வெயில் நல்லாகத்தான் அடித்தது. பயணத்தை நிறுத்தினேன். இரண்டு விருந்தினர் கோபித்துக்கொண்டார்கள். பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தேன். பத்து மணிக்கெல்லாம் காற்று எழும்பிவிட்டது.