‘சூஸ்’ வினையின் வேரைத் தேடுவது எப்படி?

தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் ஆங்கில ‘சூஸ்’ஸுக்கும் நம்மூரில் புழங்கும் ‘தோஸ்த்’துக்கும் வேர் ஒன்றுதான். அதை நீங்களே பென்சிலும் தாளும் வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழில் ‘கல்’லுக்கும் ‘கங்கை’க்கும் ஒரே ‘க’. இந்த வேலையில் அது காலை வாரிவிடும். சுலோகப் புத்தகத்தில் போடுவதுபோல் கங்கையின் ஒலிக்கு க³ என்றும், ‘பந்து’வில் வரும் ‘த’ ஒலிக்கு த³ என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பழைய வடிவங்கள் நான்கையும் எழுதுங்கள்

பழைய ஆங்கிலம்: ச்சேயோஸன் (தேர்ந்தெடுக்க), ச்சேயஸ் (தேர்ந்தெடுத்தான்), குரொன் (தேர்ந்தெடுத்தார்கள்), கொரென் (தேர்ந்தெடுத்த).
கோத்திக் (ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த ஜெர்மானியக் கிளையின் அழிந்துபோன மொழி): கியுஸன், கவுஸ், குஸுன், குஸன்ஸ்.

பலரும் முதல் வடிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ‘ர்’ கண்ணிலேயே படாது.

படி 2: ‘ஸ்’ எங்கே ‘ர்’ ஆகிறது?

பன்மையிலும் எச்சத்திலும். காரணத்தை 1877இல் டென்மார்க்காரர் கார்ல் வெர்னர் வெளியிட்டார். ஆதியில் ஒருமையில் அழுத்தம் வேரின் மேல் விழுந்தது, ‘ஸ்’ பிழைத்தது. பன்மையில் அழுத்தம் விகுதிக்குப் போனது. ‘ஸ்’ தொண்டை அதிர ஒலிக்கும் ‘z’ ஆகி, பிறகு ‘ர்’ ஆனது. இன்றைய ஆங்கிலத்தில் ‘வாஸ்–வேர்’ (was–were) அப்படியே மிஞ்சிய ஜோடி. ‘சூஸ்’ஸிலோ ‘ர்’ வழக்கொழிந்து, எல்லா வடிவமும் ஒருமையின் ஒலிக்கே வந்துவிட்டது. கோத்திக்கில் ‘ர்’ இல்லையே என்று குழம்ப வேண்டாம். அங்கே இந்தச் சமன்படுத்தல் முன்பே நடந்துவிட்டது.

ஜெர்மனில் ‘ர்’ தப்பியது. புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசர் ‘குர்ஃபியூர்ஸ்ட்’; அதில் ‘குர்’ என்பதே தேர்வு. 1356ஆம் ஆண்டின் பொன் ஆணை அவர்கள் ஏழு பேர் என்று உறுதிசெய்தது.

முதலெழுத்தையும் கவனியுங்கள்: ‘ஏ’ முன்னால் ‘க்’ நெகிழ்ந்து ‘ச்’ ஆயிற்று, ‘உ’, ‘ஒ’ முன்னால் ‘க்’ நின்றது.

படி 3: ஜெர்மானியத்தைத் தாண்டுங்கள்

ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்த விதிப்படி, ஜெர்மானிய ‘க்’ லத்தீனில் ‘க்³’. ஆகவே லத்தீனில் க-வைத் தேடினால் ஏமாற்றம்தான். க³-வில் தேடினால் ‘கு³ஸ்தாரே’ கிடைக்கும்: சுவைத்துப் பார்த்தல். சமஸ்கிருதத்தில் ‘ஜுஷ்’: விரும்பிச் சுவைத்தல். பழைய பாரசீகத்தில் ‘தௌ³ஷ்தா’, விருப்பமானவன், நண்பன். அதன் வழிவந்ததே ‘தோஸ்த்’. சுவைத்துப் பார்த்துப் பிடித்ததை எடுப்பதே தேர்வு. பொருள் அப்படித்தான் நகர்ந்தது.

க்–ஜ்–த்³ வரிசை தற்செயலா என்று இன்னொரு சொல்லில் சோதியுங்கள். அறிதலைச் சொல்லும் ஆங்கில ‘நோ’வில் ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கிறதே ஒரு ‘க்’, அதற்கு நேர் சமஸ்கிருதத்தில் ‘ஜானாதி’, பாரசீகத்தில் ‘தா³னிஷ்’. பொருந்துகிறது.

வழுக்கும் இடங்கள்

இந்தி ‘ஜோஷ்’ஷை ‘ஜுஷ்’ஷோடு முடிச்சுப் போடாதீர்கள். அது கொதிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். இந்த வேர் பாரசீகத்தில் த³-வில் தொடங்க வேண்டும். ‘சாய்ஸ்’ஸும் ‘சூஸ்’ஸின் நேர்வாரிசு அல்ல: பிரெஞ்சு ஜெர்மானியத்திடம் கடன் வாங்கியதை, ஆங்கிலம் பிரெஞ்சிடம் திரும்ப வாங்கிக்கொண்டது.