திரவ ஐதரசன் உறிஞ்சி: மெல்லிய சாளரத்திலிருந்து தொடங்குவோம்

திருகோணமலைக் கோணேசபுரி வளாகத்தில் பௌதிகம் பயிலும் மாணவர்களுள் சிலரேனும் மேற்படிப்புக்காக ஒரு துணிக்கை ஆர்முடுக்கி நிலையத்துக்குச் செல்வர் என்ற நம்பிக்கையில், அங்கே பயன்படும் திரவ ஐதரசன் உறிஞ்சியை வடிவமைப்பது பற்றிய இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். திரவ ஐதரசனை இங்கே கையாள முடியாது. எனினும் வடிவமைப்பின் மிக முக்கியமான இரு படிகளாகிய கணிப்பையும் நீரமுக்கப் பரிசோதனையையும் ஒரு நல்ல கடைசல் பட்டறையின் துணையுடன் இங்கேயே பழகிக்கொள்ளலாம்.

மியூவன் என்பது இலத்திரனை ஒத்த, ஆனால் அதைவிடக் கனமான ஒரு துணிக்கை. மியூவன் கற்றையொன்றின் பரவலைக் குறைக்க, அதனை ஒரு பொருளினூடாகச் செலுத்தி எல்லாத் திசைகளிலும் உந்தத்தை இழக்கச் செய்து, பின்னர் முன்னோக்கிய உந்தத்தை மட்டும் மீளக் கொடுக்கின்றனர். அப்பொருள் சக்தியை நன்கு உறிஞ்சவும் வேண்டும், மியூவன்களைக் குறைவாகச் சிதறடிக்கவும் வேண்டும். இவ்விரண்டிலும் ஐதரசனுக்கு நிகரானது வேறில்லை. இங்கிலாந்தின் ரதர்போர்ட் ஆப்பிள்டன் ஆய்வுகூடத்தில் இவ்வாறு மியூவன் கற்றையின் பரவலைக் குறைத்துப் பார்த்த மைஸ் (MICE) பரிசோதனையின் உறிஞ்சி 35 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்டது. அதனைக் கடக்கும் ஒரு மியூவன் ஏறத்தாழ 10 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சக்தியை இழக்கும்.

சிக்கல் சாளரத்தில்தான், அதாவது திரவத்தை அடைத்துக்கொண்டு கற்றையை உள்ளே விடும் மெல்லிய உலோகச் சுவரில்தான் இருக்கிறது. ஒரு பொருள் துணிக்கைகளை எவ்வளவு சிதறடிக்கும் என்பதைக் கதிர்ப்பு நீளம் காட்டும்; அது குறுகினால் சிதறல் கூடும். திரவ ஐதரசனின் கதிர்ப்பு நீளம் ஏறக்குறைய 8.9 மீற்றர்; அலுமினியத்தினதோ 8.9 சென்ரிமீற்றர் மட்டுமே. திரவத்தை அடைக்க இரண்டும், அது கசிந்தால் தடுக்க வெளிப்புறம் இரண்டுமாக, 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நான்கு சாளரங்களை வைத்தாலே, முழு ஐதரசனும் தரும் கதிர்ப்புத் தடிப்பின் (தடிப்பைக் கதிர்ப்பு நீளத்தால் வகுத்த அளவின்) ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக அவை சேர்த்துவிடும். பாதுகாப்புக்காகத் தடிப்பை இரட்டிப்பாக்கினால் ஐதரசனைத் தெரிவுசெய்ததன் பயனே குறைந்துவிடும். ஆகவே வலிமையைத் தடிப்பில் தேடாமல் வடிவத்தில் தேட வேண்டும்.

இதனை ஒரு கணக்கால் காணலாம். உள்ளே 1.7 பார் அமுக்கமும் வெளியே வெற்றிடமும் இருக்க, 0.18 மில்லிமீற்றர் தடிப்புள்ள குவிமாடத்தின் வளைவாரை 300 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அமுக்கத்தை ஆரையால் பெருக்கித் தடிப்பின் இரு மடங்கால் வகுத்தால், தகைப்பு ஏறத்தாழ 142 மெகாபஸ்கால் வரும். 6061-ரி6 அலுமினியக் கலப்புலோகம் ஏறக்குறைய 310 மெகாபஸ்காலில் முறியும் என்பதால், பாதுகாப்புக் காரணி 2.2 மட்டுமே. ஆரையை 150 மில்லிமீற்றராகக் குறைத்தால் அது 4.4 ஆக உயரும். நான்குக்குக் குறைந்த காரணியை நான் ஏற்கமாட்டேன். ஆனால் இச்சூத்திரம் விளிம்பின் வளைவுத் தகைப்பைக் காட்டாது. அதனாலேயே சாளரத்தை ஒரே கட்டியிலிருந்து, நடுவில் மெல்லியதாகவும் விளிம்பில் தடித்ததாகவும் கடைகின்றனர்.

கணக்கு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், அதே முறையில் கடைந்த சில சாளரங்களை உடைத்துப் பார்க்காமல் எதையும் பொருத்தக்கூடாது. 1965 யூலை 5 ஆம் திகதி, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், துணிக்கைகளின் தடங்களைத் திரவத்தில் குமிழிகளாகக் காட்டும் ஒரு குமிழிக் கூடத்தில் முதன்முறையாகத் திரவ ஐதரசனை நிரப்பியபோது அதன் பெரிலியச் சாளரம் உடைந்து, வெடிப்பில் ஓர் உயிர் பறிபோனது. அலுமினியம் குளிரில் நொறுங்கும் தன்மை அடைவதில்லை, மாறாக வலுக்கிறது. எனவே அறை வெப்பநிலையில் நீரால் உடைத்துப் பெறும் அளவு பாதுகாப்பான பக்கமே நிற்கும். நீர் அமுங்காததால் உடையும் சாளரம் சிதறிப் பறக்காது. வளிமத்தால் இதைச் செய்ய முனைய வேண்டாம். வெற்றிடம் கெட்டால் குவிமாடம் எதிர்ப்பக்கமாக மடங்கக்கூடும் என்பதால் வெளியமுக்கத்தையும் பிரயோகித்துப் பாருங்கள்.

அடுத்து, பொருத்திய தொகுதியைத் திரவ நைதரசனால் 77 கெல்வினுக்குப் பலமுறை குளிர்வித்து, ஒவ்வொரு முறையும் ஈலியத்தால் கசிவு பார்க்க வேண்டும். 27 கெல்வினில் கொதிக்கும் நியோன், தீ அபாயமின்றி முழு ஒத்திகையையும் நடத்த உதவும். அது ஐதரசனைவிட ஏறத்தாழ 17 மடங்கு அடர்த்தியானது என்பதால், அதன் நிறையைச் சாளரம் தாங்குமா என்று முன்னரே கணித்துக்கொள்ள வேண்டும்.

ஐதரசன் இறுதியிலேயே வரவேண்டும். குழாய்களை வெற்றிடமாக்கி ஈலியத்தால் அலசுவதைப் பலமுறை செய்யுங்கள். நைதரசன் எஞ்சினால் 63 கெல்வினில் உறைந்து வழியை அடைத்துவிடும். உள்ளமுக்கம் எப்போதும் வளிமண்டலத்தைவிடச் சற்று மேலே இருக்கட்டும். 21 லீற்றர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 18 கனமீற்றர் வளிமமாக விரிகிறது. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றும் என்பதால், 450 கனமீற்றர் காற்றை ஆபத்தாக்க அதுவே போதும். தீப்பற்றத் தேவையான பொறியின் சக்தி 0.02 மில்லியூல், பெற்றோல் ஆவிக்குத் தேவையானதில் பத்தில் ஒன்று. ஆகவே திரவப் பகுதிக்கும் வெற்றிடப் பகுதிக்கும் தனித்தனி விடுவிப்பு வால்வுகளை வைத்து, கூரைக்கு மேலே வெளியேற்ற வேண்டும். நமது வடகீழ்ப் பருவமழையைப் பார்த்தவர்களுக்கு அக்குழாயின் வாயில் நீர் புகுந்து உறையாமல் மூடுவது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை.

வெப்பமாக்கும்போது அவசரம் கூடாது. வெற்றிடப் பகுதியில் நுண்கசிவால் நுழைந்த காற்று குளிர்ப் பரப்பில் உறைந்திருக்கலாம். அதிலுள்ள ஒட்சிசன் திடீரென விடுபடும். ஐதரசன் முழுவதும் வெளியேறி, ஈலியத்தால் மீண்டும் அலசப்பட்ட பின்னரே, ஒட்சிசன் உருகும் 54 கெல்வினைத் தாண்ட விடுங்கள்.