டி.ஏ. ஒப்பந்தம் முடியும் தறுவாயில்: விருப்பப் படிவத்தில் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை

சொந்தத் தொழிலை விடாமல், தேவைப்படும்போது பணிக்கு அழைக்கப்படும் படையான டெரிடோரியல் ஆர்மியில் (டி.ஏ.) சிப்பாயாகச் சேருகிறவருக்கு முதல் ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகள். திருச்சியில் உள்ள 117-வது கார்ட்ஸ் டி.ஏ. பட்டாலியனிலோ கோயம்புத்தூரில் உள்ள 110-வது மெட்ராஸ் டி.ஏ. பட்டாலியனிலோ சேர்ந்த தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஏழாவது ஆண்டு எப்போது வந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கம்பெனி அலுவலகத்தில் ஒருநாள் படிவத்தை நீட்டி, தொடர விருப்பமா இல்லையா என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டு சம்பா நன்றாக விளைந்திருந்தால் 'வேண்டாம்' என்றும், மழையில் மூழ்கியிருந்தால் 'வேண்டும்' என்றும் எழுதிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு போகத்து நெல்லை வைத்து முடிவு செய்யும் காரியம் இது அல்ல.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டி.ஏ.வில் பெயர் இருந்த காலம் வேறு, எம்பாடிட் சர்வீஸ் எனப்படும், முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டுச் சீருடையில் இருந்த காலம் வேறு என்பதாகும். ஓய்வூதியம் எம்பாடிட் சர்வீஸை வைத்தே கணக்கிடப்படுகிறது. சிப்பாய், ஜே.சி.ஓ. (சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட சுபேதார் போன்ற பதவிகள்) நிலையில் இருப்பவர்களுக்கு அது மொத்தம் 15 ஆண்டுகள் சேர வேண்டும். அதிகாரிகளுக்கு 20 ஆண்டுகள். இடையிடையே முழுநேரப் பணியிலிருந்து விடுவித்து ஊருக்கு அனுப்பப்பட்ட காலம் கணக்கில் சேராது. ஆனால் அந்த இடைவெளியால் முன்பு செய்த பணி அழிந்துவிடுவதும் இல்லை. துண்டு துண்டாகச் செய்த பணியையெல்லாம் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடைக்கிறது என்பதால் அந்த நாட்களையும் இந்தக் கூட்டலில் சேர்த்து மனக்கணக்குப் போடுகிறவர்கள் பின்னால் ஏமாந்து போகிறார்கள்.

ஆகவே ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எம்பாடிமென்ட் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இருந்த இடம் என்று மூன்று பத்திகள் போட்டு எழுதத் தொடங்குங்கள். பழைய ரயில் வாரண்ட், விடுப்புச் சான்று, சம்பளம் வரவான வங்கிப் புத்தகம் ஆகியவை தேதிகளை நினைவூட்டும். பிறகு யூனிட் அலுவலகத்தில் உங்கள் பெயரில் வெளியான பார்ட்-டூ ஆர்டர்களை (பணி, குடும்ப விவரங்களைப் பதிவில் ஏற்றும் யூனிட் ஆணைகள்) கேட்டு, ஒவ்வொரு வரியாக ஒத்துப் பாருங்கள். பார்ட்-டூ ஆர்டரில் ஏறாத நாள், நீங்கள் பனியில் நின்று காவல் காத்த நாளாகவே இருந்தாலும், கணக்கில் இல்லாத நாள்தான். என் விஷயத்தில் 97 நாட்கள் விடுபட்டிருந்தன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியபோது அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் ஏற்றாமல் விட்டிருக்கிறார். அப்போதே பார்த்திருந்தால் ஒரு மனுவில் முடிந்திருக்கும். ஐந்தாண்டு கழித்துப் பார்த்ததால் பதினொரு மாதம் அலைய வேண்டியதாயிற்று. இந்த ஆவணங்களை இறுதியாக வைத்திருப்பது தாய்ப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். கார்ட்ஸ் பிரிவுக்கு நாக்பூரை அடுத்த காம்ட்டியிலும், மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியின் வெலிங்டனிலும் அது இருக்கிறது. கடிதம் எழுதுவதானால் யூனிட் வழியாகவே எழுதுங்கள்.

கணக்கு கைக்கு வந்தபின் முடிவு பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர், 7 ஆண்டுகளில் ஆறை எம்பாடிமென்டில் கழித்திருந்தால், அவருக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் தேவை. நாற்பதுக்குள் ஓய்வூதியத்தைத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. அவர் இப்போது விலகுவது புத்திசாலித்தனம் அன்று என்பது என் கருத்து. அதே 7 ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டு மட்டுமே எம்பாடிமென்ட் கிடைத்தவர், இனி பட்டாலியன் எவ்வளவு காலம் அழைக்கப்படும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2025 மே 6-ஆம் தேதியிட்ட அறிவிப்பின்படி, டி.ஏ. விதிகளின் 33-ஆவது விதியின் கீழ், தேவைக்கேற்ப அழைத்துக்கொள்ளும் அதிகாரம் இராணுவத் தளபதிக்கு அளிக்கப்பட்டு, 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்ய அனுமதி தரப்பட்டது. அது 2028 பிப்ரவரி 9 வரை நடப்பில் இருக்கும். உங்கள் பட்டாலியன் அந்தப் பதினான்கில் இருக்கிறதா என்பதை சுபேதார் சாகிபிடம் கேட்டுக்கொண்டு பிறகு படிவத்தை நிரப்புங்கள்.

தொடர விரும்புவது மட்டும் போதாது, தொடர விடவும் வேண்டும். மருத்துவத்தில் ஷேப்-1 எனப்படும் முழு உடல்தகுதி நிலையில் இருப்பதும், பணிப்பதிவில் ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனைக் குறிப்பு, சேராமல் இருப்பதும் முக்கியம். ஊருக்கு வந்து ஆறு மாதம் நெல் மண்டியில் நாற்காலியில் உட்கார்ந்து எடையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவக் குழுவின் முன் நிற்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். வாய்க்கால் கரையில் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வெளியில் வேலை பார்ப்பவர், கூட்டுறவுச் சங்கமோ தனியார் கடையோ எதுவானாலும், முதலாளியிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. 1948-ஆம் ஆண்டின் டெரிடோரியல் ஆர்மி சட்டம், பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வரும்போது பழைய வேலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் கடமையை முதலாளிக்கு விதிக்கிறது. அழைப்பாணையின் நகலை அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்தால்தான் அந்தச் சட்டம் உங்களுக்குப் பயன்படும். நிலம் உள்ளவருக்கு முதலாளி இல்லை. ஆனால் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கும், அதன்பின் சம்பாவுக்கும் ஆள் வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்குவது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்வது போன்றவற்றை யார் செய்வார் என்பதை மனைவியுடனும் அண்ணன் தம்பியுடனும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சு நடக்காமல் தொடர்ந்தவர்களில் சிலர், இரண்டாம் ஆண்டே விடுவித்துக்கொள்ள மனு எழுதினார்கள்.

பட்டப்படிப்பை முடித்து, வருமானம் தரும் வேலையும் உள்ளவர், 42 வயதுக்குள் டி.ஏ. அதிகாரிக்கான எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வுக்குப் பின் பிரிலிமினரி இன்டர்வியூ போர்டு எனும் முதற்கட்ட நேர்காணல், அடுத்து எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியம். ('தோனி சார் மாதிரியா?' என்று ஊரில் கேட்பார்கள். அவருக்கு 2011-இல் வழங்கப்பட்டது கௌரவப் பதவி. இந்தத் தேர்வு வேறு.) பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காவல் காக்கும் டிபென்ஸ் செக்யூரிட்டி கோர் பெரும்பாலும் முழுநேர இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கான இடம், அதன் சென்டரும் ரெக்கார்ட் ஆபீஸும் கண்ணூரில் உள்ளன. ஒன்றிரண்டு வீடுகளில் அண்ணன் ரெகுலர், தம்பி டி.ஏ. என்று இருப்பதால் இதைச் சொல்கிறேன்: அண்ணனுக்குப் பொருந்தும் விதி தம்பிக்குப் பொருந்தாது.

இந்த வேறுபாடு வெளியேறும்போது இன்னும் கூர்மையாகத் தெரியும். மத்திய அரசு வேலைகளில் முன்னாள் படைவீரர் என்ற ஒதுக்கீட்டைக் கோர, டி.ஏ. வீரர் எம்பாடிட் சர்வீஸுக்கான ஓய்வூதியம் பெறுபவராகவோ, பணியின் காரணமாக ஏற்பட்ட உடற்குறைபாட்டுடன் வந்தவராகவோ, வீரதீர விருது பெற்றவராகவோ இருக்க வேண்டும். 7 ஆண்டு முடித்து வெறுமனே வந்தவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். தஞ்சாவூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாசலில் டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் வந்து, இதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு எம்பாடிட் சர்வீஸ் பதின்மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் இருந்தன.

தொடர்ந்தாலும் வெளியேறினாலும், பெயர்த் திருத்தத்தை இப்போதே முடித்துவிடுங்கள். நாம் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். இராணுவப் பதிவில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். ஆதாரில் முழுப் பெயராக விரிந்திருக்கும். செந்தில் என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் 'எச்' கூடியதற்காகக் குடும்பத்துக்கான பணம் எட்டு மாதம் நின்றது எங்கள் தெருவிலேயே நடந்தது. மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் பார்ட்-டூ ஆர்டரில் ஏறியிருக்கின்றனவா என்பதை அந்த நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்துகொள்ளுங்கள்.