வாலஸ் அதிபரானால்: மாற்று வரலாறு எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருந்தார். இல்லாத ஒரு அமெரிக்க அதிபர் ஆட்சியின் வாழ்க்கை வரலாறு அது. 1944 ஜூலையில் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு, நிஜத்தில் தேர்வான ஹாரி ட்ரூமனை விட்டுவிட்டு, அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸையே மறுபடி துணை அதிபர் வேட்பாளராக்குகிறது. 1945 ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்ததும் வாலஸ் அதிபர். நிஜ வரலாற்றிலிருந்து கதை பிரியும் இடத்தை நன்றாகத்தான் தேர்ந்திருக்கிறார். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில், பல வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கிழித்துப் போட்டது அப்படியே கண்முன் வந்தது. பெயர்ப்பிழை, தேதிப்பிழையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், விடுகிறேன்.

அதிபரை ராஜாவாக்குவது

தம்பியின் வாலஸ் 1946-ல் கறுப்பின மக்களுக்குச் சம உரிமைச் சட்டம் கொண்டுவருகிறார். "கையெழுத்திட்டார்" என்று ஒரே வரி, வேலை முடிந்தது. நானும் இதே சட்டத்தை ஒரு பத்தியில் நிறைவேற்றி, அதன் மேல் இருபது அத்தியாயம் கட்டினேன். படித்த நண்பர் ஒன்றுதான் கேட்டார்: "செனட்டில் யார் ஓட்டுப் போட்டது?" என்னிடம் பதில் இல்லை. எட்டு மாத உழைப்பு போயிற்று. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை. அன்று அதில் 96 பேர். பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு, சரி. ஆனால் அதே கட்சியின் தென்மாநிலத்துக்காரர்கள் இப்படி ஒரு மசோதா வந்தால் வாக்கெடுப்பே நடக்கவிடாமல் நாள்கணக்கில் பேசுவார்கள். இதற்குப் பெயர் ஃபிலிபஸ்டர். பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1946 தொடக்கத்தில் நிஜமாகவே, வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா ஒன்று வந்தது. வாரக்கணக்கில் பேசினார்கள். பேச்சை நிறுத்துவதற்கு 48 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை இருந்தும் மசோதா செத்தது.

வாலஸ் இருந்தால் மட்டும் நடந்திருக்குமா? 1945 தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் அவரை வணிகத்துறை அமைச்சராக நியமித்தார். அரசுக் கடன் வழங்கும் அதிகாரத்தை அந்தத் துறையிலிருந்து பிடுங்கிய பிறகுதான் செனட் சம்மதித்தது. அமைச்சர் பதவிக்கே இந்தப் பாடு. எந்தச் செனட்டருக்கு எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினார் என்பதில்தான் அவருடைய கதையே இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு சட்டத்தை எழுதுமுன் தனித்தாளில் ஆதரவு, எதிர்ப்பு, மனம் மாறியவர் என்று பெயர் பெயராகக் குறித்துக்கொள்கிறேன். தாள் நிரம்பாவிட்டால் அந்தச் சட்டம் கிடையாது.

துணை அதிபர் நாற்காலி

வாலஸ் அதிபரானதும் இந்த நாற்காலி காலியாகிவிடும். காலியாகவே இருக்கட்டும். இடையில் ஒருவரை நியமிக்கும் வழி 1967-ல் 25-வது திருத்தத்தோடுதான் வந்தது. ட்ரூமனும் 1949 ஜனவரி வரை துணை அதிபர் இல்லாமல்தான் ஆண்டார். அதுவரை வாலஸுக்கு ஏதாவது ஆனால்? 1947-ல் சட்டம் மாறும்வரை அடுத்த இடம் வெளியுறவு அமைச்சருக்கு.

கொடியில் 50 நட்சத்திரம்

அலாஸ்காவும் ஹவாயும் மாநிலமானது 1959-ல். அதற்கு முன் மாநிலம் 48, நட்சத்திரமும் 48.

பெயரை மட்டும் மாற்றுவது

ரூஸ்வெல்ட் இறந்த அன்று மாலை, வெள்ளை மாளிகை தன்னை அழைக்கிறது என்ற செய்தி ட்ரூமனுக்குக் கிடைத்தது சபாநாயகர் சாம் ரேபர்னின் அறையில். தம்பி காட்சியை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் வாலஸ் என்று மாற்றியிருந்தார். ட்ரூமன் அங்கே போனது நண்பர்களோடு ஒரு கிளாஸ் குடிக்க. வாலஸுக்குக் குடிப்பழக்கம் இல்லை, செனட்டர்களோடு உட்கார்ந்து அரட்டையடிக்கும் பழக்கமும் இல்லை. செனட்டில் அவருக்கென்று ஆள் சேராததற்கு அதுவும் ஒரு காரணம். அழைப்பு வந்த நேரத்தில் அவர் எங்கே இருந்திருப்பார் என்று தம்பி இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.