தேசத்தின் பெயரால் ஒன்று கேட்கப்படும்போது அதை எடைபோடுவது எப்படி

பள்ளியில், அலுவலகத்தில், வணிகர் சங்கக் கூட்டத்தில், சில வேளைகளில் நாடாளுமன்றத்திலேயே, நாட்டின் பெயரைச் சொல்லி நம்மிடம் ஏதேனும் ஒன்று கேட்கப்படுகிறது. இந்தப் பாடலைப் பாடு, இந்த உறுதிமொழியில் கையெழுத்திடு, அந்த நாட்டுச் சரக்கை வாங்காதே என்று அது பல வடிவங்களில் வரும். தனிமனித சுதந்திரத்தை அரசியலின் முதல் அளவுகோலாகக் கொள்பவன் நான். அந்த இடத்தில் நின்று இவ்வகைக் கோரிக்கைகளை எப்படி ஆராய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். நாட்டின் மீதான அன்பை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. தாமாக மனம் உவந்து தரும்போது மட்டுமே அது அன்பாக இருக்கிறது என்று உறுதியாக நம்புவதால்தான், அதைத் தண்டனையைக் காட்டிக் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன்.

முதலில், உங்களிடம் நீட்டப்படும் வாசகத்தை எடுத்து அதிலுள்ள வினைச்சொற்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 'செய்வேன்', 'காப்பேன்', 'நடந்துகொள்வேன்' என்பவை ஒருவகை. 'நம்புகிறேன்', 'நேசிக்கிறேன்', 'ஆதரிக்க மாட்டேன்' என்பவை வேறுவகை. ஒரு நீதிபதி அரசமைப்புச் சட்டத்தின்படி கடமையாற்றுவேன் என்று உறுதியளிப்பது, ஒரு பதவியை விரும்பி ஏற்பவர் அதன் நிபந்தனையையும் சேர்த்து ஏற்பதாகும். அது ஏறத்தாழ ஓர் ஒப்பந்தம். அதில் எனக்கு மறுப்பில்லை. உள்ளத்தில் இருப்பதைப் பற்றியும், வாயால் சொல்லக்கூடிய கருத்தைப் பற்றியும் உறுதி கேட்கும்போதுதான் எல்லை தாண்டப்படுகிறது.

அடுத்து, மறுத்தால் என்ன ஆகும், மறுப்பவர் யாருக்குத் தீங்கு செய்கிறார் என்று கேளுங்கள். 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. அதற்காகவே அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அந்த வழக்கில் (பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம்), 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் தெளிவாகத் தீர்ப்பளித்தனர். தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. எழுந்து அமைதியாக நிற்பதே உரிய மரியாதை. பிள்ளைகளை நீக்கியது அவர்களுடைய பேச்சுரிமையையும் சமய உரிமையையும் மீறியது என்றனர். எனவே உங்கள் பிள்ளைக்கோ உங்களுக்கோ இத்தகைய மனத்தடை இருந்தால், செய்ய வேண்டியது எளிது: எழுந்து நில்லுங்கள், பிறர் பாடுவதைத் தடுக்காதீர்கள், காரணத்தை எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுத்து, இந்தத் தீர்ப்பையும் குறிப்பிடுங்கள். பிறர் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பது தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மௌனம் காப்பது குற்றமில்லை.

அமெரிக்கா இதே இடத்திற்கு ஒரு தவற்றின் வழியாக வந்து சேர்ந்தது. மாணவர்கள் கொடிக்கு வணக்கம் செலுத்தக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940-இல் சொன்ன அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அந்தத் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. போர்க்காலத்தில்கூடக் கட்டாய வணக்கம் தேவைப்படவில்லை என்பதை, அமைதிக்காலத்தில் அதைக் கோருபவர்களிடம் நினைவூட்டலாம்.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்: இந்தப் பிரமாணம் உண்மையில் யாரை வெளியே தள்ளுகிறது? தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள இரண்டு அனுபவங்கள் உண்டு. இந்திய அரசமைப்பின் 16-ஆம் திருத்தம் 1963-இல் நிறைவேறியபோது, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற உறுதிமொழி, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமன்றித் தேர்தலில் நிற்க விரும்பும் வேட்பாளர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்தே அது கொண்டுவரப்பட்டது என்பது அன்று அனைவரும் அறிந்தது. அண்ணா மாநிலங்களவையில் அதை எதிர்த்துப் பேசினார். ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். 1962-இல் சீனப் போர் மூண்டபோதே, எந்தப் பிரமாணமும் கேட்கப்படாத நிலையில், தி.மு.க. நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நிற்பதாக அறிவித்துவிட்டது. தாமாக வந்துவிட்ட ஒன்றையே சட்டம் பிறகு வற்புறுத்திக் கேட்டது.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடியது. 1983 ஜூலை வன்முறையில் தமிழர்களின் வீடுகள் எரிந்த சில நாள்களிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், அந்நாட்டு அரசமைப்பின் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. தனி நாட்டை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவோ, ஊக்குவிக்கவோ, அதற்காக வாதிடவோ மாட்டேன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களும் அரசு அலுவலர்களும் வழக்கறிஞர்களும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அது. மீறினால் ஏழு ஆண்டுகள் வரை குடியுரிமைசார் உரிமைகளை இழக்கலாம், சொத்தும் பறிமுதலாகலாம். அமைதியான வாதத்திற்கும் ஆயுதத்திற்கும் இடையே அது வேறுபாடு காணவில்லை. தேர்தல் வழியே தனி நாடு கேட்ட கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள், அந்தச் சத்தியத்தைச் செய்யாததால், தங்கள் இடங்களை இழந்தனர். வாக்குச்சீட்டால் வந்தவர்களைத்தான் அந்தப் பிரமாணம் வெளியேற்றியது. துப்பாக்கியை நம்பியவர்கள் பிரமாணம் எடுக்கும் அவையிலேயே இல்லாததால், அது அவர்களைத் தொடவே இல்லை. பேசித் தீர்க்க வந்தவரைத் துரத்திவிட்டுப் பேச்சுவார்த்தைக்கு ஆள் தேடும் நிலையை ஒரு நாடு தானே உண்டாக்கிக்கொண்டது. விசுவாசப் பிரமாணம் எதையும் மீறக் கூசாதவனைச் சலித்தெடுக்காது என்பதும், சொல்லுக்குக் கட்டுப்படும் நேர்மையாளனே அதில் சிக்குவான் என்பதும் இங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

இப்போது வணிகத்திற்கு வருவோம். இறக்குமதித் தடையும் சுங்க வரியும் தேசப்பற்றின் பெயரால் கேட்கப்படும்போது, 'தடுக்கப்படுபவர் யார்?' என்று தொடங்குங்கள். அயல்நாட்டு விற்பனையாளர் என்றே நாம் நினைக்கிறோம்; ஆனால் சட்டம் கையைப் பிடித்து நிறுத்துவது வாங்க விரும்பும் நம் ஊர்க்காரரையும்தான். 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்கு வரி விதிக்கப்பட்டது. மேல்வரியும் சேர்ந்து அது 11 விழுக்காடானது. பருத்தி வாங்கும் நூற்பாலைக்கும், நூல் வாங்கும் திருப்பூர் பின்னலாடைக்காரருக்கும் அந்தச் சுமை இறங்கியது. வெளிநாட்டுச் சந்தையில் வங்கதேசத்துடன் போட்டியிட வேண்டியவர்கள் அவர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்து திருப்பூரை உலுக்கிய அதே மாதத்தில்தான் இந்திய அரசு பருத்தி வரியைத் தற்காலிகமாக விலக்கியது. 2022-இல் சில மாதங்கள் மட்டும் விலக்கிவிட்டு மீண்டும் நாமே நம் தலையில் வைத்துக்கொண்ட சுமையை, இன்னொரு நாடு நம்மை அடித்த பிறகே மறுபடி இறக்கினோம்.

பருத்தி விவசாயியின் நலன் என்னாவது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். அதே விவசாயியின் கையை மறுபக்கம் கட்டுவதும் இதே வாதமே என்பதைப் பாருங்கள். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியும், டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியும் உள்நாட்டு மக்களின் பெயரால் தடுக்கப்பட்டன. விலை விழும்போது சந்தையின் விளைவை ஏற்கச் சொல்லி, ஏறும்போது மட்டும் சந்தையை மூடுவது உழவருக்குச் செய்யும் துணையாகாது. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று சாடியதும் இதைத்தான்: யார் யாருக்கு விற்கலாம் என்பதை அலுவலகம் முடிவு செய்யும்போது, உழைப்பவரை விட அலுவலகத்தை அணுகத் தெரிந்தவரே முன்னேறுகிறார்.

சுதேசி என்றால் அப்போது தவறா என்று ஒருவர் கேட்டால், வ.உ.சி.யைச் சுட்டிக்காட்டுங்கள். 1906-இல் தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, யாரையும் தடுக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுக்கவில்லை. மக்களிடம் 25 ரூபாய்ப் பங்குகளை விற்று, கப்பல் வாங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனியுடன் நேருக்கு நேர் போட்டியிட்டது. விரும்பியவர் ஏறினார்கள். அந்தப் போட்டியைப் பொறுக்காமல் அதிகாரத்தைப் பயன்படுத்தியது மறுபக்கம்தான்: 1908-இல் வ.உ.சி.க்கு ராஜத்துரோகச் சட்டத்தின்கீழ் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. ஆட்சியின் மீது 'விசுவாசமின்மையை' வளர்த்தார் என்பதே அந்தச் சட்டத்தின் மொழி. கட்டாய விசுவாசமும் கட்டுப்படுத்தப்பட்ட வணிகமும் ஒரே கையில் இருப்பதை நம் வரலாறு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்டவில்லை.

ஆகவே நீங்கள் விரும்பினால் கதர் வாங்குங்கள், உள்ளூர்க் கைத்தறிக்குக் கூடுதல் விலை கொடுங்கள், ஒரு நாட்டின் செயல் பிடிக்காவிட்டால் அதன் பொருளை ஒதுக்குங்கள், நண்பர்களையும் அழையுங்கள். இவை அனைத்தும் உங்கள் உரிமை. அடுத்தவரின் வண்டியை மறிப்பதும், அவர் சரக்குக்கு வரி கேட்பதும் அந்த உரிமைக்குள் அடங்கா.

கடைசியாக, கேட்கும் இடத்தில் நீங்களே அமர்ந்திருக்கும் நாளும் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ, சங்கத்திலோ ஓர் உறுதிமொழிப் படிவத்தை எழுத நேர்ந்தால், பொறுப்பேற்பவர் செய்ய வேண்டிய செயல்களை மட்டும் எழுதுங்கள், உணர்ச்சிகளை எழுதாதீர்கள், சொல்ல விரும்பாதவர் அமைதியாக நிற்கலாம் என்ற வரியையும் சேருங்கள். தொழில் சங்கத்தின் சார்பில் இறக்குமதி வரி கேட்டு மனு தயாரானால், அந்த வரியால் எந்தப் பொருள் எவ்வளவு விலை ஏறும், அதை வாங்கும் சிறு தொழில்கள் எவை என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என வற்புறுத்துங்கள். எழுத மறுத்தால், நீங்கள் கையெழுத்திட மறுக்கலாம்.