சுருங்கை: ஒரு சொல்லின் வேரைத் தேடும் முறை

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், எங்கள் அழகன்குளம் பக்கம் மழை விட்டதும் கோட்டைமேட்டில் பழைய பானை ஓடுகள் மேலே வந்து கிடக்கும். அங்கே அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும் கிடைத்தன. இந்தக் கரையின் பிள்ளைகள் ஒரு சொல்லை ஆராயும்போது கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பேன்.

மண்ணுக்குள் மறைந்தோடும் கழிவுநீர்ப் பாதைக்குச் 'சுருங்கை' என்று பெயர். முதலில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை எடுங்கள். எல்லாப் பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். நிலத்தடி வழி என்ற பொருளும் இதற்கு உண்டு.

அடுத்தது, ஆட்சி; அதாவது அந்தச் சொல் பழைய நூல்களில் வரும் இடங்கள். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில், 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி மருங்கிற் போகி' என மதுரைக்குள் கோவலன் நடக்கிறான். அடியில் நீர்ப்பாதை, மேலே யானைக் கூட்டம் போகும் தெரு என்று படித்தால், மூடி எவ்வளவு கெட்டியாக இருந்திருக்கும்! கீழடியில் கிடைத்த சுடுமண் குழாய்களையும் நேரில் பார்த்துவிட்டு வந்து இந்த வரியைப் படியுங்கள்.

பிறகு அக்கம்பக்கத்து மொழிகள். வடமொழி நூலான அர்த்தசாஸ்திரத்தில் சுரங்க வழிக்கு 'சுருங்கா'. கிரேக்கத்தில் 'சிரிங்ஸ்' என்றால் குழல், குழாய், சுரங்கம். கிரேக்கச் சொல்லே வடமொழி வழியாக இங்கு வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

'சுருங்கு' என்ற வினையோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று உடனே முடிச்சுப் போடாதீர்கள். ஒலி, பொருள், வந்த வழி மூன்றும் பொருந்தட்டும்.